கடலில் போன அமானிதம்

புதுக்கோட்டைச் சீமையில் உள்ள ஆவுடையார்கோவிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழம்பெயர். அங்கிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகச் சில கல் தொலைவு சென்றால், மணமேல்குடி முதல் மீமிசல் வரை நீண்டு கிடக்கும் கடற்கரை வந்துவிடும். அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் எனப் பட்டினம் பட்டினமாக நம்மவர் வாழும் ஊர்கள் அங்குள்ளன. பாண்டிய மன்னர் தம் அமைச்சராகிய வாதவூரரிடம் கருவூலப் பொருளை ஒப்படைத்து, கடல் வழியே வந்திறங்கும் குதிரைகளை வாங்கி வருமாறு இத்திசைக்கே அனுப்பினார் என்பதும், அன்னார் திருப்பெருந்துறையில் மனம் மாறி அப்பொருளைக் கோயிற்பணிக்கே செலவிட்டுவிட்டார் என்பதும் நம் சைவ சமயச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் வரலாறு. அரசனின் பொருளைச் சுமந்து செல்பவன் அதற்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்ற அச்சம் அவ்வரலாற்றின் நடுவே நிற்கிறது. அதே அச்சத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு, சற்றேறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் இதே சோழ பாண்டியக் கடற்கரையில் வேறொருவர் வந்து ஒதுங்கினார். அவர் டில்லி சுல்தானின் தூதர். மார்க்கச் சட்டம் கற்ற காழி. உலகம் சுற்றிய யாத்திரிகர். அவர்தாம் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

யாத்திரிகர் இப்னு பதூதாவை நம் இல்லங்கள் நன்கறியும். பள்ளிப் பாடநூல்களிலும் அவர் பெயர் உண்டு. தூதர் இப்னு பதூதாவை அந்த அளவுக்கு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தூதரகம் என்ற சொல்லை அறியாத வீடு நம் கரையூர்களில் இராது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பாட்டனார் சென்றார். வளைகுடா நாடுகளுக்குப் பேரர் சென்றிருக்கிறார். கடவுச்சீட்டு தொலைந்தாலும், கூலி கிடைக்காமல் அல்லலுற்றாலும், அந்நிய மண்ணில் ஒருவர் வபாத்தாகி ஜனாஸாவை ஊருக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும், இந்தியக் கொடி பறக்கும் அந்தக் கட்டடத்தின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். தூதர்களுக்குரிய காப்புரிமைகளை 1961-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் கூடி நாடுகள் எழுதி வைத்துக்கொண்டன. பிற நாட்டில் நிலையாகத் தங்கியிருக்கும் தூதர் என்ற வழக்கமே இத்தாலிய நகர அரசுகள் 15-ஆம் நூற்றாண்டில் பரவலாக்கியது. அதற்கு முன்னரெல்லாம் தூதர் என்பவர் ஒரு கடிதத்தோடும் காணிக்கையோடும் போய், மறுமொழியோடு திரும்புகிறவர். அவர் உயிருக்குக் காவல், எதிரே இருக்கும் அரசனின் நேர்மை ஒன்றே.

அந்த நேர்மையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சட்டமாகவே நிலைநாட்டினார்கள். ரோமப் பேரரசர் ஹிரக்ளியஸிடம் திஹ்யா அல்கல்பீ (ரலி) அவர்களையும், பாரசீகக் கிஸ்ராவிடம் அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்களையும் கடிதத்தோடு அனுப்பினார்கள். புஸ்ரா நோக்கி அனுப்பிய ஹாரிஸ் இப்னு உமைர் (ரலி) அவர்கள் வழியில் பிடித்துக் கொல்லப்பட்டதே ஹிஜ்ரி 8-இல் மூத்தா யுத்தத்துக்குக் காரணமாயிற்று. ஆனால் பொய்யன் முஸைலிமாவின் ஆட்கள் மதீனாவுக்கு வந்து முகத்துக்கு நேரே அவனை நபி என்று சொன்னபோதும், தூதர்கள் என்பதாலேயே அவர்களைத் தீண்டாது விட்டார்கள். இப்பாடத்தை ஓதி வளர்ந்தவர்தாம் நம் இப்னு பதூதாவும்.

மொரோக்கோ நாட்டின் தஞ்சா நகரில் ஹிஜ்ரி 703-இல் (1304), காழிகளைத் தந்த ஒரு மாலிகி மத்ஹபுக் குடும்பத்தில் அன்னார் பிறந்தார்கள். 1325-இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தனியாகப் புறப்பட்டார்கள். பெற்றோரைப் பிரிந்த துயரம் தம்மை வாட்டியதை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். எகிப்து, ஷாம், ஹிஜாஸ், இராக், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, ரூம், மத்திய ஆசியா எனக் கழிந்த அடுத்த எட்டு ஆண்டுகளை ஈண்டு விரிக்க இடமில்லை. 1333-இல் சிந்து நதிக் கரையை அடைந்தார்கள்.

டில்லியில் அப்போது ஆட்சி செலுத்தியவர் முஹம்மது பின் துக்ளக். அயல்நாட்டு ஆலிம்களுக்கு அள்ளி வழங்கும் கையும், சிறு ஐயத்துக்கும் தலையைக் கொய்யும் கையும் ஒருவருக்கே வாய்த்திருந்தன. ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் டில்லியின் காழியாக இப்னு பதூதா அமர்த்தப்பட்டார்கள். ஊரின் மொழி தெரியாத காழிக்குத் துணைக்காழிகள் இருவர். வரவுக்கு மேல் செலவு செய்து 55,000 தீனார் கடன்பட்டபோது அதையும் சுல்தானே தீர்த்தார். இதைப் படிக்கையில் நமக்குச் சற்றுச் சங்கடமாகவே இருக்கிறது. அரசன் கையை எதிர்பார்த்து வாழும் ஆலிமின் நிலை அக்காலத்தும் இப்படித்தான் இருந்தது போலும்.

அந்தச் சார்பின் விலை விரைவில் தெரிந்தது. குகை ஒன்றில் வாழ்ந்த ஷெய்கு ஷிஹாபுத்தீன் என்னும் பெரியார், சுல்தானைக் கொடுங்கோலர் என்று சொல்லியதோடு, கொல்லப்படும் வரை அச்சொல்லை மாற்றிக்கொள்ளவுமில்லை. அவரைச் சென்று கண்ட குற்றத்துக்காக இப்னு பதூதாவும் காவலில் வைக்கப்பட்டார்கள். அல்லாஹ்வே தமக்குப் போதுமானவன் என்று பொருள்படும் திக்ரை ஒரே நாளில் 33,000 முறை ஓதினார்கள். தண்ணீரால் மட்டுமே நோன்பு திறந்தார்கள். ஷெய்கு ஷஹீதானார்; இவர்கள் தப்பினார்கள். தப்பியதும் உடைமைகளைத் தானம் செய்துவிட்டுக் கமாலுத்தீன் என்னும் துறவியிடம் ஐந்து மாதம் தங்கினார்கள். அங்கிருந்துதான் சுல்தான் மீண்டும் அழைத்து, சீனப் பேரரசரிடம் தம் தூதராகச் செல்லுமாறு பணித்தார்.

சீனத்தை அப்போது ஆண்டவர்கள் மங்கோலியர். அவர்களின் தூதுக்குழு டில்லிக்கு வந்திருந்தது. 500 பட்டுத் துணிகளும் கஸ்தூரியும் அடிமைகளும் அவர்கள் கொணர்ந்த காணிக்கை. இமயமலை அடிவாரத்தில் டில்லிப் படை அழித்த ஒரு கோயிலை மீண்டும் எழுப்ப அனுமதி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஜிஸ்யா வரி செலுத்துவோர்க்கே அவ்வனுமதி உண்டு என்பது சுல்தானின் மறுமொழி. மறுமொழிதான் மறுப்பேயன்றி, உடன் சென்ற காணிக்கையில் குறைவில்லை: உயர்சாதிக் குதிரைகள் 100, அடிமை ஆடவர் 100, ஆடல் பாடல் வல்ல மகளிர் 100, பலவகைத் துணிகள் 1,200, பொன் வெள்ளிப் பாத்திரங்கள், முத்துப் பதித்த கையுறைகள். மனிதரையும் குதிரையையும் ஒரே பட்டியலில் எழுதிய காலம் அது. ஹிஜ்ரி 743 சஃபர் மாதத்தில் (1342), ஆயிரம் குதிரைவீரர் காவலோடு ஊர்வலம் டில்லியை விட்டுப் புறப்பட்டது.

சில நாட்களிலேயே இன்றைய அலிகார் அருகே ஒரு சண்டையில் காணிக்கைக்குப் பொறுப்பான காஃபூர் கொல்லப்பட்டார். கூட்டத்திலிருந்து பிரிந்த இப்னு பதூதா பிடிபட்டு, உடைமை பறிகொடுத்து, எட்டு நாட்கள் பசியோடு காட்டில் அலைந்தார்கள். முகமறியாத ஒரு நல்லவர் தோளில் சுமந்து கொண்டுவந்து சேர்த்தார். சுல்தான் காஃபூருக்குப் பதிலாக ஸுன்புல் என்பவரை அனுப்ப, பயணம் தௌலதாபாத், கம்பாயத்து வழியாகக் கடலேறி மலபார்க் கரையின் கோழிக்கோட்டை அடைந்தது. காற்றுக்காக மூன்று மாதம் அங்கே காத்திருந்தார்கள். துறைமுகத்தில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. ஜங்க் எனப்பட்ட அப்பெருங்கப்பல்களில் தனித்தனி அறைகளும், மரத்தொட்டிகளில் வளர்த்த கீரையும் இஞ்சியும் இருந்ததை வியந்து எழுதியிருக்கிறார்கள்.

காணிக்கையும், ஸுன்புலும், உடன் தூதரான ஆலிம் ஸஹீருத்தீனும் பெருங்கப்பலில் ஏறினர். அதில் தமக்கு வசதியான அறை கிடைக்காததால் இப்னு பதூதா தம் உடைமைகளையும் வீட்டாரையும் ககம் என்னும் சற்றுச் சிறிய கப்பலுக்கு மாற்றினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையிலேயே தங்கினார்கள். அன்று பிற்பகல் கடல் பொங்கிற்று. கப்பலுக்குத் திரும்ப முடியவில்லை. பின்னர் ஓர் இரவில் புயல் அப்பெருங்கப்பலைக் கரையில் மோதிச் சிதறடித்தது. விடிந்தபோது ஸஹீருத்தீனின் ஜனாஸாவும் ஸுன்புலின் ஜனாஸாவும் மணலில் கிடந்தன. இப்னு பதூதா தொழுவித்து அடக்கம் செய்தார்கள். ககத்தின் மாலுமிகளோ அச்சத்தால் பாய் விரித்துப் போய்விட்டார்கள். பாக்கி இருந்தவை பத்துத் தீனாரும், படுத்திருந்த ஒரு விரிப்புமே. சீன அரசருக்குப் போக வேண்டிய டில்லியின் கண்ணியம் முழுவதும் கடலில் கரைந்தது.

இத்துயரத்தின் நடுவிலும் அவர்களின் கண் ஒன்றைத் தவறவிடவில்லை. கோழிக்கோட்டு அரசராகிய சாமூதிரி வெறுங்காலோடு கடற்கரையில் நின்றார். கரையொதுங்கிய பொருளை மக்கள் வாரிச் செல்லாதபடி அவர் சேவகர் தடி கொண்டு விலக்கினர். மலபாரின் பிற துறைகளில் உடைந்த கப்பலின் பொருள் அரசுக்குச் சேரும். கோழிக்கோட்டில் மட்டும் அது உரியவருக்கே சேரும். அதனால்தான் அவ்வூருக்கு வணிகர் திரண்டு வருகின்றனர் என்று குறித்து வைத்தார்கள். அமானிதத்தை இழந்த ஒரு முஸ்லிம், அமானிதம் காத்த ஓர் இந்து அரசருக்கு அளித்த சாட்சியம் இது.

கொல்லத்துக்குச் சென்று ககத்தை எதிர்பார்த்தார்கள்; வரவில்லை. கப்பலுடைந்த சீனத் தூதர்களும் அங்கே வந்து சேர்ந்து, சீன வணிகர் தந்த உடையோடு தாய்நாடு திரும்பினர். இப்னு பதூதா எங்கே திரும்புவது? டில்லிக்குப் போனால், காணிக்கையை விட்டு நீ ஏன் கரையில் நின்றாய் என்பதே சுல்தானின் முதற் கேள்வியாக இருக்கும். ஜும்ஆவுக்காக என்பது உண்மையான விடையே. ஆனால் அறை வசதிக்காகக் கப்பல் மாறியது யார் என்று அடுத்த கேள்வி வருமே! டில்லிப் பாதையை அவர்கள் மனம் மூடிக்கொண்டது. ஹொன்னாவரில் தங்கி, ஒரு போரில் கலந்து, பிறகு மாலத்தீவுக்குப் போய்க் காழியாக இருந்து, அங்கும் வஸீரோடு பிணங்கிப் புறப்பட்டார்கள். இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தி அன்போடு வரவேற்று, ஆதம் மலைக்குப் போகத் துணைக்கு ஆட்களையும் தந்து அனுப்பினார். அங்கிருந்து 1344 வாக்கில் நம் கரையை நோக்கிக் கப்பலேறினார்கள். அரபிகள் இக்கரையை மஃபர் என்றனர். கடந்து செல்லும் இடம் என்று பொருள்.

கரை தெரியும் தூரத்தில் கப்பல் தரைதட்டியது. மாலுமிகள் கட்டிய தெப்பத்தில் தம் வீட்டாரையும் தோழரையும் ஏற்றிவிட்டுத் தாம் உடையும் கப்பலிலேயே இரவைக் கழித்தார்கள். காலையில் கரையோர மக்கள் படகில் வந்து மீட்டனர். கோழிக்கோட்டில் செய்யத் தவறியதை இங்கே செய்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

அவர்கள் கால் வைத்த நாடு டில்லிக்குப் பகை நாடு. டில்லியின் ஆளுநராக மதுரையில் இருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா சில ஆண்டுகளுக்கு முன்னரே தாமே சுல்தான் என்று அறிவித்திருந்தார். அவருடைய மகள் ஒருவரை இப்னு பதூதா டில்லியில் மணந்திருந்தார்கள். மற்றொரு மகளை மணந்தவரே அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி. ஆக, டில்லியின் தூதர், டில்லியின் எதிரிக்குச் சகலை! கடிதமும் இல்லை, காணிக்கையும் இல்லை; உறவு ஒன்றே கையிலிருந்தது. அதைக் கொண்டு மாலத்தீவைப் பிடிக்கக் கப்பற்படை கேட்டார்கள். தம்மைக் காழியாக வைத்து உபசரித்த தீவின்மேல் படை கேட்டது நமக்கு உவப்பானதன்று. அல்லாஹ் அதை நடவாமல் தடுத்தான்.

ஆனால் அந்தப் பாசறையில் அவர்கள் கண்டவற்றையும், கண்டதை மறைக்காமல் எழுதியதையும் நாம் அறிந்தே ஆக வேண்டும். காட்டு வழியே சுல்தானோடு செல்கையில், எதிர்ப்பட்ட இந்துக் குடிகள் பிடிக்கப்பட்டனர். கூர்சீவிய கழுமரங்களை அவர்கள் தோளிலேயே சுமத்தி நடத்தினர். பொழுது விடிந்ததும் முகாமின் வாயில்களில் அவர்களைக் கழுவேற்றினர். பெண்களையும் பிள்ளைகளையும் விடவில்லை. வேறொரு நாள் உணவு வேளையில், ஒருவனையும் அவன் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து நிறுத்தித் தலையை வெட்டச் சைகை காட்டினார் சுல்தான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்றொரு நாள் அதுபோன்றதொரு கொடுமை தொடங்குமுன் அஸர் தொழப் போவதாகச் சொல்லி எழுந்தார்கள். சுல்தானுக்குக் காரணம் புரிந்து சிரிப்பு வந்தது. ஹொய்சள மன்னர் வீர வல்லாளரின் உடலை வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததையும் கண்ணாரக் கண்டார்கள்.

தாம் அறிந்த வேறெந்த அரசரும் செய்யாத இழிசெயல் இது என்று எழுதினார்கள். அச்சுல்தானின் மரணம் விரைந்து வந்தது இக்கொடுமையாலேயே என்றும் எழுதினார்கள். கொன்றவர் முஸ்லிம், அதிலும் சகலை, படை தருவதாக வாக்களித்தவர். இறந்தவர்களோ பெயர் தெரியாத நம் தமிழ்க் குடிகள். போர்க்களத்திலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது, உறுப்புகளைச் சிதைக்கலாகாது என்பது நபிவழி. அதை ஓதிய காழி, எழுந்து நின்று தடுக்கவில்லையே என்ற குறை நமக்கு உண்டு. டில்லிக் குகையில் இருந்த ஷெய்கு தடுத்திருப்பார். எனினும், அக்கொடுமைகளை நேரில் கண்டவர் சாட்சியமாக நாம் இன்று அறிவது இவர்கள் எழுதி வைத்ததால்தான்.

சுல்தானோடு பட்டணம் என்னும் துறைமுகத்துக்கு வந்தார்கள். அது தேவிபட்டினம் என்பாரும் பெரியபட்டினம் என்பாரும் உளர். பெரியபட்டினத்து மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்திருப்பதை ஆய்வாளர் காட்டுகின்றனர். கடலுக்குள் பெருந்தூண்கள் நாட்டி அமைத்த மரமண்டபத்தையும், கல்லால் கட்டிய பள்ளிவாசலையும், திராட்சையும் மாதுளையும் காய்த்த தோட்டங்களையும் அங்கே கண்டார்கள்.

தூதர் ஒருவரின் அடக்கத்தலம் அவர்களுக்கு முன்னரே இக்கரையில் இருந்தது என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கீஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் பாண்டியருக்குக் குதிரை அனுப்பியவர். அவர் தம்பி தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரின் அமைச்சராகிக் காயல் முதலிய துறைகளைப் பொறுப்பேற்று நடத்தியவர். ஜமாலுத்தீனின் மகன் ஃபக்ருத்தீன் அஹ்மது, பாரசீகத்தை ஆண்ட காஸான் கானின் தூதராகச் சீனம் சென்றார். காணிக்கையைச் சேர்ப்பித்து, ஆண்டுகள் பல தங்கி, மறுமொழியும் பொருளுமாகத் திரும்பினார். மஃபர்க் கரைக்கு இரண்டு நாள் பயணம் இருக்கையில், ஹிஜ்ரி 704-இல் (1305), கப்பலிலேயே வபாத்தானார். சிறிய தந்தையார் தகியுத்தீனின் கபுறுக்கு அருகே அடக்கம் செய்தனர். எடுத்த பணியை முடித்த அவரை அறிந்தவர் சிலரே. முடிக்காதவரை உலகமே அறியும்.

மதுரைக்கு இப்னு பதூதா சென்றபோது கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்தது. சுல்தானின் தாயார், மனைவி, ஒரே மகன் மூவரும் மடிந்தனர். சில நாட்களில் சுல்தானும் மடிந்தார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. மரணம் நிச்சயம் என்று எண்ணியிருந்த வேளையில், அவ்வூரில் மலிந்து கிடந்த புளியை அல்லாஹ் நினைவூட்டினான். ஒரு ராத்தல் அளவு புளியைக் கரைத்துக் குடித்தார்கள். மூன்று நாள் வயிறு போயிற்று; காய்ச்சல் நின்றது. நம் அடுக்களைப் புளி அவர்களைக் காப்பாற்றியதைப் படிக்கும் தாய்மார்கள் மகிழ்வார்கள். புதிய சுல்தான் நாஸிருத்தீன் மாலத்தீவுப் படையை அனுப்பித் தர இசைந்தும், மதுரை மீதே வெறுப்புண்டாகிப் புறப்பட்டுவிட்டார்கள்.

கொல்லத்திலிருந்து வடக்கே போகையில் 12 கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் உடுத்த கால்சட்டை தவிர அனைத்தையும் பறித்தனர். பிறகு மாலத்தீவு, வங்கம், சுமத்ரா. கடைசியில் ஸைத்தூன் என்னும் சீனத் துறைமுகம். அங்கே இறங்கிய நாளிலேயே ஒருவர் அடையாளம் கண்டு வந்து ஸலாம் உரைத்தார். சீனத்திலிருந்து டில்லிக்குத் தூதராக வந்து கப்பலுடைந்து திரும்பிய அதே அமீர்! இவர் டில்லித் தூதர் என்று அதிகாரிகளிடம் அவரே எடுத்துரைத்தார். சீனத்துப் பகுதிகள் பற்றி அறிஞர் சிலருக்கு ஐயமுண்டு. கேட்டறிந்ததையும் கண்டதுபோல் எழுதியிருப்பார் என்பர். எவ்வாறாயினும், கடிதமும் காணிக்கையும் இல்லாத அத்தூதருக்குப் பேரரசரை நேரில் காணும் வாய்ப்புக் கிட்டவில்லை.

1347-இல் திரும்பும் வழியில் கோழிக்கோட்டுக்கு வந்தபோது, டில்லிக்குச் சென்று சுல்தானிடம் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்ற எண்ணம் மீண்டும் எழுந்தது. உடனே அச்சமும் எழுந்தது. அரபு நாட்டுக்குச் செல்லும் கப்பலில் ஏறிவிட்டார்கள். 1351-இல் சிந்துக் கரையில் முஹம்மது பின் துக்ளக் இறக்கும் வரை அவர் தூதர் அவர் முன் வந்து நிற்கவேயில்லை.

1349-இல் தாயகம் சேர்ந்தபோது தாயார் கொள்ளைநோயில் வபாத்தாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கிரானாடாவும் மாலி நாடும் கண்டு வந்தபின், மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, தாம் கண்டவற்றைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்னும் எழுத்தர் ஏட்டில் ஏற்றினார். ஹிஜ்ரி 756 துல்ஹஜ்ஜில் (1355) அது நிறைவுற்றது. கோழிக்கோட்டுக் கப்பலையும், தாம் கரையில் நின்றதையும், தாம் அஞ்சியதையும் அதில் ஒளிக்கவில்லை. துக்ளக்கிடம் சொல்லாத கணக்கை அந்த ஏட்டில் சொல்லி வைத்தார்கள். பின்னர் மொரோக்கோவின் ஒரு பகுதியில் காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 770 வாக்கில் (1368-69) அப்பதவியில் இருக்கும்போதே வபாத்தானார்கள்.